இந்தக் கதையின் மூலம்

1

இந்தக் கதையின் மூலம் எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலம்தான். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு சிரித்தால் எனக்குத் தாங்காது.

என் பெயர் அனந்தலக்ஷ்மி. ஐம்பதைத் தாண்டியாயிற்று. பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சி மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வேலை. இதையெல்லாம் எழுத எனக்குக் கூச்சமில்லை. ‘எனக்கு மூலநோய் இருக்கிறது’ என்ற வாக்கியத்தை எழுதத்தான் ஒரு மழைக்காலம் முழுதும் பிடித்தது. எழுதிவிட்டேன். நகர்ந்துபோகலாம்.

டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தாள். மருந்துக்கடையில் எங்கள் தெருக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு தலைவலித் தைலம் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். எனக்குத் தலைவலியே வருவதில்லை. வீட்டுக்கு வந்து நெற்றியில் அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. நான் எப்போதாவது கதை எழுதுகிறவள். கதை எழுதுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. தன்னுடையதை வேறொருவர் தலையில் கட்டிவிடலாம்.

(தலையில் என்பது சரியான இடமல்ல. போகட்டும்.)

2

முதலில் ஓர் ஆணிடம் கொடுத்துப் பார்த்தேன்.

‘ராசப்பன் நாற்காலியில் உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான்—’

நிறுத்திவிட்டேன். மூலம் வந்த ஆண் கதைக்குள் வந்து உட்கார்ந்தாலே எல்லோரும் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். நானே சிரித்தேன்.

‘அன்று காலை ரத்தத்தைப் பார்த்ததும் அவளுக்கு—’

இது கொலைக் கதை மாதிரி இருக்கிறது.

‘நார்ச்சத்து மிகுந்த உணவுகளை அன்றாடம் சேர்த்துக்கொள்வதன் வழியாக—’

இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்ட வேண்டியது.

நான்காவதாக ஒரு வாக்கியம் வந்தது. அதை அடிக்கவில்லை.

‘பொன்மணி தண்ணீர் குடிப்பதில்லை.’

3

பொன்மணி தண்ணீர் குடிப்பதில்லை. எங்கள் ஊர் பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் அவளுக்கு வேலை. காலையில் போய்த் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தால் சாயங்காலம்வரை சுக்கைப் புடைத்து, பூச்சி அரித்ததையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கி எடுக்க வேண்டும். மூக்கிலும் தொண்டையிலும் சுக்குத் தூசி எரியும். தாகம் எடுக்கும். ஆனால் கிடங்குக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு கக்கூஸ். மூட்டை தூக்குகிற ஆண்கள் போவது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அங்கே போகாமலிருக்க ஒரே வழி, போக வேண்டிய தேவையை உண்டாக்காமல் இருப்பது. அங்கே வேலை செய்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

போடி பக்கத்திலிருந்து வந்தவள். கணவன் பாண்டித்துரை ஆலுவாவில் கட்டட வேலைக்கு நின்று, சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருகிறவன். மகள் மகா கல்லூரிக்குப் போகிறாள். காலையில் அடுப்பு மூட்ட நேரம் இருக்காது. முக்குக் கடையில் பொரோட்டாவும் பால் சேர்க்காத கட்டன் சாயாவும். மத்தியானம் சோறும் காந்தாரி மிளகாய் ஊறுகாயும். இரவில் மிச்சச் சோறு. காய், கீரை என்று எதுவும் அவள் தட்டுக்கு வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

முதலில் வலி வந்தது. பிறகு ரத்தம் வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு கணக்கு தோன்றியது: சாப்பிட்டால்தானே போக வேண்டும்? சாப்பாட்டைக் குறைத்தாள். குறைக்கக் குறைக்க வயிறு இறுகியது; இறுக இறுக ரத்தம் கூடியது.*

* இந்தக் கணக்கை நானும் போட்டேன். தப்பான கணக்கு. ரத்தம் கண்டால் டாக்டரிடம் போங்கள். கதை படித்துவிட்டு மூலம்தான் என்று நீங்களாக முடிவுகட்டிக்கொள்ள வேண்டாம்.

4

ஒரு நாள் முற்பகலில் பொன்மணி சாக்கிலிருந்து எழுந்தாள். எழுந்தது மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது தலை லோகாம்பாளின் மடியில் இருந்தது. லோகாம்பாள் அந்தக் கிடங்கில் மூத்தவள். பாலக்காட்டுச் சித்தூர்க்காரி, பிள்ளை இல்லை, புருஷன் போய் நாளாகிவிட்டது. முந்தானையை நனைத்து பொன்மணியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள். சூப்பர்வைசர் சேவியர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“எந்தா பொன்மணீ, எந்து பற்றி?” என்ன ஆயிற்று என்று மலையாளத்தில் பதறினார்.

பொன்மணிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள்.

பேச்சி என்று ஒருத்தி, அவர்களில் இளையவள். அவள்தான் கேட்டாள். “யக்கா, விசேசமா?”

பொன்மணி தலையைக் குனிந்துகொண்டாள். பின்பக்கம் சேலையில் கறை பட்டிருக்குமோ என்ற பயத்தில் குனிந்தாள். அவர்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

“எடீ கள்ளீ!” என்றாள் லோகாம்பாள். “இத்தன நாளு எங்கிட்ட ஒரு வார்த்த பறஞ்சியா நீ?”

எல்லோரும் சிரித்தார்கள். சேவியர்கூடச் சிரித்துவிட்டு மரியாதையாக அப்பால் போனார்.

5

மறுநாள் மகா அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் பார்த்தார், மூலம் என்றார், உடம்பில் ரத்தம் குறைந்திருக்கிறது என்றார். தண்ணீர் நிறையக் குடி. கஞ்சியும் பயறும், கீரை, பழம், வாழைத்தண்டு சாப்பிடு. பொரோட்டாவையும் காரத்தையும் குறை. முக்காதே, வந்தால் அடக்காதே. இவ்வளவுதான் சொன்னார். இவ்வளவையும் சொல்லும்போது கதவு திறந்தே இருந்தது, வெளியே வரிசை நின்றது. பொன்மணிக்கு ‘முக்காதே’ மட்டும்தான் உரக்கக் கேட்டது.

பஸ்ஸில் மகா மெதுவாகச் சொன்னாள். “காலையில பேச்சியக்கா தங்கச்சி கேக்கறா, அம்மாவுக்குக் குட்டி வாவ பொறக்கப் போகுதான்னு. என் மூஞ்சிய எங்க வச்சுக்க?”

“நாளைக்குப் போயி உள்ளதச் சொல்லிர்றேன்டீ.”

மகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது, “உள்ளத வேண்டாம்மா. இதுவே இருக்கட்டும்” என்றாள்.

6

உள்ளதைச் சொல்லத்தான் பொன்மணி போனாள். அப்படித்தான் எழுதியிருக்கிறேன், நம்புங்கள்.

போனால், அவள் இடத்தில் சாக்குக்கு மேல் ஒரு பழைய தலையணை. லோகாம்பாள் கொண்டுவந்தது. பக்கத்தில் ஒரு குப்பி நிறையக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். சேவியர் வந்து ஒரு சாவியை நீட்டினார்.

“முகளில் ஆபீசிலெ பாத்ரூம். முதலாளியோடு பறஞ்ஞிட்டுண்டு. ஈ சமயத்து பிடிச்சு வைக்கான் பாடில்ல.”

மாடி ஆபீசின் பாத்ரூம். முதலாளியிடம் சொல்லியாயிற்றாம். தாழ்ப்பாள் உள்ள கதவு. பக்கெட், குழாய், ஜன்னலில் கண்ணாடி. இந்த நேரத்தில் அடக்கி வைக்கக் கூடாது என்று ஓர் ஆண் அவளிடம் சொல்கிறான், அதுவும் அக்கறையாக.

பொன்மணி சாவியை வாங்கிக்கொண்டாள்.

அவளை இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நல்லவளாக இருந்தால் சொல்லியிருக்க வேண்டாமா? ‘பொன்மணியின் நாக்கு நுனிவரை வந்த உண்மை—’ என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். பொய். நுனிவரையெல்லாம் வரவில்லை. அவள் அன்று குப்பித் தண்ணீர் முழுவதையும் குடித்தாள். வேலை நேரத்தில் அவள் தண்ணீர் குடித்தது அதுவே முதல் தடவை. பயப்படாமல் படியேறிப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அந்தத் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றாள். இதற்குப் பிறகு ஒருத்தி எப்படிச் சாவியைத் திருப்பிக் கொடுப்பாள்?

பிள்ளைத்தாய்ச்சி என்பதால் என்னென்ன கிடைத்தது என்று பாருங்கள். லோகாம்பாள் தினமும் தூக்குவாளியில் கஞ்சியும் சிறுபயறும் கொண்டுவந்தாள். சில நாள் அவித்த நேந்திரம்பழம். பேச்சி முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். காந்தாரி ஊறுகாயைப் பொன்மணியின் பக்கம் யாரும் நகர்த்தவில்லை, ‘வயித்துக்குள்ள பிள்ளைக்கு எரியும்’ என்று. டாக்டர் சொன்ன பத்தியம் முழுவதும் அவள் கேட்காமலே அவள் முன்னால் வந்து சேர்ந்தது. ஒன்றைத் தவிர. பப்பாளி மலச்சிக்கலுக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு ஒரு நாள் துண்டு போட்டுக் கொண்டுபோனாள். லோகாம்பாள் டப்பாவைப் பிடுங்கி ரோட்டில் நின்ற ஆட்டுக்குப் போட்டாள்.

“புத்தி கெட்டுப் போச்சாடீ ஒனக்கு? கர்ப்பிணி திங்கற சாதனமா இது?”

அதன்பிறகு பொன்மணி பப்பாளியை மாடிப் பாத்ரூமில் நின்றுகொண்டு தின்றாள். கதையில் எனக்குப் பிடித்த இடம் இது. எழுதும்போது அழுதுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

வெங்கிடேஷ், என் கணவர், எட்டிப் பார்த்தார். “என்ன எழுதறாய்?”

“கதை.”

“யாரைப் பத்தி?”

“சுக்கு பொறுக்கறவ ஒருத்தியைப் பத்தி.”

“அதுக்கு ஏன் நின்னுண்டே எழுதறாய்?”

நின்றபடியே அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

7

சனிக்கிழமை பாண்டித்துரை ஆலுவாவிலிருந்து வந்தான். வழக்கமாக வாசலிலேயே மகாவைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறவன், அன்று செருப்பைக் கழற்றாமல் நின்றான். மகாவைக் கடைக்கு அனுப்பினான்.

“படகுத் தொறையில வச்சு ஒருத்தன் கைகுடுக்குறான். வாழ்த்துக்கள்ங்கறான்.”

பொன்மணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

“மகா பொறந்தப்பவே ஆப்ரேசன் பண்ணிக்கிட்டவ நீ. எனக்குத் தெரியும்ல?” அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. “என்னான்னு நீயே சொல்லிரு. நானா எதையும் நெனைக்கக் கூடாதுன்னுதான் வழி முச்சூடும் எதையும் நெனைக்காம வந்தேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த உறுப்பைப் பற்றி அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பானையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“மூலம்.”

“என்னது?”

“மூலம்ங்க. ரத்தமா போவுது. மயங்கி விழுந்தேன். அதுக அப்படி நெனச்சிருச்சுக. நானும் விட்டுட்டேன்.”

பாண்டித்துரை சிரித்தான். நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது விலகியதால் வந்த சிரிப்பு, அவன்மேல் தப்பில்லை. ஆனால் நிறுத்த முடியாமல் சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மூலத்துக்கா… மூலத்துக்காடீ கைகுடுத்தான் அந்த ஆளு…”

அவன் சந்தேகப்பட்டு நின்றபோது பொன்மணிக்கு அழுகை வரவில்லை. இப்போது வந்தது. சத்தமில்லாமல், பானைக்குள் குனிந்துகொண்டு அழுதாள்.

அவன் பார்த்துவிட்டான். சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“எப்பருந்து?”

“ஒரு வருசமிருக்கும்.”

“எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“சொன்னா சிரிப்பீக.”

எழுந்து வெளியே போனவன், இருட்டுவதற்குள் ஒரு வாழைத்தண்டும் ஒரு கட்டுக் கீரையுமாக வந்தான். தண்டை அவனே நறுக்க உட்கார்ந்தான். நாரை விரலில் சுற்றி எடுக்கத் தெரியவில்லை. நாராகவே நறுக்கி வைத்தான். மூன்று பேரும் அதை நாரோடு மென்று சாப்பிட்டார்கள்.

(இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல முடிவு. ஆனால் கிடங்கில் அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்களே.)

8

நாள் போகப் போகப் பொன்மணிக்கு உடம்பு தேறியது. ரத்தம் நின்றது. கன்னம் தெளிந்தது. ‘பிள்ளை உண்டானா இப்படித்தான் முகம் மினுங்கும்’ என்றார்கள். வயிறு மட்டும் வளரவில்லை. ‘சிலருக்குப் பின்னாடிதான் தெரியும்’ என்று அதற்கும் லோகாம்பாளே சமாதானம் சொன்னாள்.

இன்னொன்றும் நடந்தது. ‘மாசமா இருக்கறவள ஒத்தையில படியேற விடக் கூடாது’ என்று சொல்லிக்கொண்டு தினம் ஒருத்தி பொன்மணிக்குத் துணையாக மாடிக்குப் போக ஆரம்பித்தாள். துணைக்குப் போனவளும் அப்படியே பாத்ரூம் போய் வந்தாள். மெல்ல எல்லோர் பக்கத்திலும் தண்ணீர்க் குப்பி வந்துவிட்டது. பொன்மணிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் சாவி எல்லோர் கையைவிட்டும் போய்விடும்.

பிறகு, ஐந்தாம் மாசம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு வளைகாப்பு என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், கிடங்கிலேயே. பேச்சி புளிச்சாதமும் தேங்காய்ச்சாதமும். சேவியர் லட்டு. வளையல் லோகாம்பாளின் பொறுப்பு; அதற்கென்றே பாலக்காட்டுக்குப் போய், அவளுக்குத் தெரிந்த கடையில் வாங்கி வந்திருக்கிறாளாம்.

அதற்கு முந்தின நாள், இருவரும் பஸ்ஸுக்கு நடந்தபோது, பொன்மணி ஆரம்பித்தாள். “லோகாக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…”

“என் கையால ஒருத்திக்கும் நான் வள போட்டது இல்ல, அறியுமா?” என்றாள் லோகாம்பாள். “பிள்ளை பெறாதவ போடக் கூடாதும்பா எங்க ஊருல. ஒனக்கு அதொண்ணும் கொழப்பமில்லியே?”

“இல்லக்கா.”

“பின்ன என்னமோ சொல்லணும்னியே?”

“ஒண்ணுமில்லக்கா.”

9

கரு கலைந்துவிட்டது என்று பொன்மணி சொல்லிவிடலாம். இந்த முடிவை நான் எழுதிப் பார்த்தேன். சுலபமாக வந்தது. சாவிகூடக் கொஞ்ச நாள் தங்கும். ஆனால் லோகாம்பாள் அந்த இல்லாத பிள்ளைக்காக நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் எழுதாமலே அவள் அழுதாள். கிழித்துப் போட்டேன்.

வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம். மகாவின் படிப்பு இருக்கிறது. அதனால் அதுவும் இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம்.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் தலையணை. சேவியர் லட்டுப் பெட்டியோடு தூணோரம் நின்றார். லோகாம்பாள் புதுச் சேலையில் வந்து, மடியிலிருந்து வளையல் பொட்டலத்தை எடுத்தாள். பொன்மணி தலையணையில் உட்காரவில்லை.

“எனக்கு வயித்துல ஒண்ணுமில்ல” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “மூலம். அன்னைக்கு அதுலதான் விழுந்தேன். நீங்க விசேசம்னீங்க, நான் இல்லைன்னு சொல்லல.”

யாரோ களுக்கென்று சிரித்து உடனே நிறுத்தினார்கள். சேவியர் மேலே கூரையைப் பார்த்தார், பிறகு லட்டுப் பெட்டியைப் பார்த்தார், பெட்டியை ஒரு மூட்டைமேல் வைத்துவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார்.

அந்தச் சாவியை அவர் பிறகு கேட்கவே இல்லை. கேட்க வேண்டுமென்றால் எதற்கென்று கொடுத்தோம், எதற்கென்று திருப்பிக் கேட்கிறோம் என்று பேச வேண்டும். அதைப் பேச அவருக்குக் கூச்சம். முதலாளியிடம் சொல்லவும் கூச்சம். அது பெண்கள் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அன்று, சேவியர் போன பிறகு, பேச்சிதான் சாதத்தைக் கிளறிக்கொண்டே கேட்டாள். “டாக்டரு என்னக்கா சாப்பிடச் சொன்னாக? எங்க நாத்தனாருக்கு இருக்கு. அதுக்குக் கேக்கறேன்.”

பொன்மணி சொன்னாள். தண்ணீர், பயறு, கீரை, பழம், மைதா வேண்டாம்.

“சேனைக்கிழங்கு ஆகுமோ?” இன்னொருத்தி. அவளுடைய சித்திக்காம்.

“ரத்தம் இல்லாம வலி மட்டும்னா?” மற்றொருத்தி. பக்கத்து வீட்டுக்காரிக்கு.

ஒருத்திக்குக்கூட இல்லை. எல்லோருக்கும் தெரிந்த யாரோ ஒருத்திக்கு இருந்தது. பொன்மணி யாருடைய முகத்தையும் பார்க்காமல், எல்லோருக்கும் பதில் சொன்னாள்.

10

லோகாம்பாள் மட்டும் எதுவும் கேட்கவில்லை.

வட்டத்தை விட்டு எழுந்துபோய், சுக்கு மூட்டைகளுக்கு அப்பால், கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். பொட்டலம் மடியில். பொன்மணி அவள் முன்னால் போய் நின்றாள்.

“தனியா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்டீ” என்றாள் லோகாம்பாள், நிமிராமல். “நேத்து நான் அத்தனையும் பறஞ்சப்போ, நீ கேட்டுண்டுதானே நடந்தே?”

“ஆமாக்கா.”

“ஒனக்குள்ளதச் சொல்ல நாணம். எனக்குள்ளத நான் ஒங்கிட்டச் சொன்னேனில்ல? அது மட்டும் நாணமில்லியா?”

பொன்மணி சொல்ல இருந்ததையெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். வலது கையை மட்டும் நீட்டினாள்.

‘லோகாம்பாள் பொட்டலத்தைப் பிரித்து—’

இல்லை.

‘லோகாம்பாள் எழுந்து, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்—’

அதுவும் இல்லை.

‘“மூலத்துக்கு வளகாப்பு நடத்தின ஆளு நாமளாத்தான் இருக்கும்” என்று லோகாம்பாள்—’

இதை ஆசைப்பட்டு எழுதினேன். மூன்றையும் அடித்தாயிற்று. மன்னிக்கிற உரிமை எனக்கில்லை, அது லோகாம்பாளுடையது. அவளிடம் கேட்கலாமென்றால், பொய் சொன்னவளின் பக்கத்தில் நின்று எழுதியவள் நான். என்னிடம் அவள் பேச மாட்டாள்.

உங்களிடம் பேசக்கூடும்; வளையலைப் போடுவாளா என்று நீங்களே போய்க் கேளுங்கள். நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. கிடங்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. சுக்குத் தூசிக்கு மூக்கை மட்டும் பொத்திக்கொள்ளுங்கள். பொன்மணியின் கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. வலிக்கத் தொடங்கியிருக்கும். அவள் அதை மடக்குவதற்குள் நீங்கள் போய்ச் சேர வேண்டும்.